முதல் பார்வை

நீடாமங்கலம் கேட் சாத்தியிருக்கிறது.
வலங்கைமானில் ஏறியவர்கள் இறங்கிச் சுண்டல் வாங்குகிறார்கள்.
நான் ஜன்னலோரம், பதினேழாவது பாடத்தில்.
சரக்கு வண்டி போயிற்று, பிறகு என்ஜின் மட்டும்,
பிறகு ஒன்றுமேயில்லை; கேட் திறக்கவில்லை.
என் படிப்பு முழுக்க இந்த கேட்டின் தயவு.

முதல் தடவை அறுபத்து நாலு. தேர்ச்சிக்கு எழுபது.
திரையில் ஒரு பொம்மைப் பெண்
பரவாயில்லை என்பதுபோல் கையசைத்தாள்.
நாற்பத்தைந்து வயதில் ஃபெயிலானதை வீட்டில் சொல்லவில்லை.
அன்று உருளைக்கிழங்கு கொஞ்சம் கருகியது,
அவ்வளவுதான் வெளியே தெரிந்தது.

மன்னார்குடியில், பந்தலடிக்குப் பக்கத்துச் சந்தில்
இருபத்திரண்டு வருஷமாக
"மூச்சை இழுங்க, அடக்குங்க, விடுங்க."
பால் பொங்கும்போதும் நான் மூச்சை அடக்குகிறேன்.
முன்பு மாடியில் ஒரு டாக்டர் படம் பார்த்தார்.
பிறகு டொரொண்டோவில் ஒருவர்;
நம் சாயங்காலம் அவருக்குக் காலை.
சித்திரையிலிருந்து அவரும் இல்லை.
முதல் பார்வை இப்போது மென்பொருளுக்கு.
சந்தேகமென்றால் சிவப்புக் கட்டம் போடும்.
ஆமாம், இல்லை என்று நான் அழுத்த,
பிறகுதான் தஞ்சாவூர் டாக்டருக்குப் போகும்.
சம்பளம் அதேதான். பதவியின் பெயர் நீளமாகியிருக்கிறது.

வேம்பையன், ஐம்பத்திரண்டு, உள்ளிக்கோட்டை.
அறுவடை மெஷின் ஓட்டுகிறவர்.
சட்டையைக் கழற்றியபோது காலரிலிருந்து உதிர்ந்தது சம்பாத் தூசி.
மூன்று வாரமாக இருமல். "தூசிதாம்மா" என்றார்.
எடுத்தேன்.
வலது பக்கம், கீழே,
சிவப்புக் கட்டம்.

சிரித்தேன்.
மார்க்காம்பின் நிழல். ஆயிரம் பார்த்திருக்கிறேன்.
பெரிய பெரிய டாக்டர்களே ஏமாறுகிற இடம்,
நேற்றுப் பிறந்த உனக்கு எங்கே தெரியும் என்று
'ஏற்கவில்லை' அழுத்தினேன்.
காரணம் கேட்டது. எழுதினேன்.
எழுதும்போது ஒரு சந்தோஷம், மறைப்பானேன்.

அடுத்து ஒரு முழங்கால்.
அதற்கடுத்து ஒரு மணிக்கட்டு.
பையனைக் கையைத் தட்டையாக வைக்கச் சொன்னபோதுதான் உறைத்தது:
அந்த நிழலை நான் பார்க்கவேயில்லை.
கட்டத்தைத்தான் பார்த்தேன்.
அது தோற்கவேண்டும் என்று பார்த்தேன்.

ரசீதிலிருந்த நம்பரை அவர் எடுக்கவில்லை.
ஈயக் கவசத்தைக் கழற்ற மறந்து
பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.
பூக்காரிகள் வழிவிட்டார்கள்.
அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டு ஜெம் கிளிப்பை வளைத்து
காம்புகளின் மேல் பிளாஸ்திரியால் ஒட்டினேன்.
கூச்சத்தில் மின்விசிறியைப் பார்த்தபடி நின்றார்.
மூச்சை இழுங்க. அடக்குங்க.
படத்தில் கிளிப் வெள்ளையாக ஓரிடத்தில்;
நிழல் இரண்டு விரற்கடை தள்ளி,
தன் பாட்டுக்கு.

என்னவென்று தஞ்சாவூர் சொல்லும்.
பதிவைத் திருத்தினேன். ஏன் மாற்றினீர்கள் என்றது.
கொடுத்திருந்த ஐந்து காரணங்களில் என்னுடையது இல்லை.
'மற்றவை' என்று போட்டேன்.

"யாரும்மா கண்டுபிடிச்சது, நீங்களா மெஷினா?"
கேலியில்லை. அவருடைய புது வண்டியிலும் ஒரு திரை உண்டாம்.
நெல்லின் ஈரம் சொல்லுமாம்.
சொன்ன பிறகும் ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பாராம்.
"சில நாள் அது சரி. சில நாள் பல்லு."

"நாங்க பார்த்தோம்" என்றேன்.
சொன்ன பிறகு அந்தச் சொல் நாக்கிலேயே நின்றது.
நாங்க.
அவரை வெளியே நிறுத்திவிட்டு
அதை என் பக்கத்தில் உட்காரவைத்திருந்தது.
சட்டைப் பொத்தானை அவர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை தஞ்சாவூர் போகணும்.
பேரும் ரூம் நம்பரும் எழுதித் தரேன்.
நாம பார்த்துக்கலாம்."

வெளி பெஞ்சில் மணிக்கட்டுப் பையன்
கையைத் தட்டையாக வைத்தபடியே
இன்னும் உட்கார்ந்திருந்தான்.